போலந்தின் நிசா வேன்: வரிசை இருந்தவரை மாறவில்லை

1994-ஆம் ஆண்டின் தொடக்கம். போலந்தின் தென்மேற்கில், செக் எல்லைக்கு அருகே இருக்கும் நிசா என்ற ஊரில், ஆலையின் உற்பத்தி வரிசையிலிருந்து கடைசி வேன் இறங்கியது. வேனுக்கும் ஊரின் பெயர்தான். சப்பையான முகம், இரண்டு வட்ட விளக்குகள், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் திண்டு போட்டதுபோல் துருத்திக்கொண்டிருக்கும் இன்ஜின் மூடி. அதைத் தூக்கினால் உள்ளே நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 2,120 சிசி. சிலிண்டரின் விட்டம் 82 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 100 மில்லிமீட்டர்.

இந்த இரண்டு அளவுகளை மறந்துவிடாதீர்கள். 1946-இல் சோவியத் ஒன்றியத்தின் கோர்க்கி நகரில் உற்பத்திக்கு வந்த பொபேடா காரின் இன்ஜினிலும் அளவு இதேதான். அந்த இன்ஜின், கோர்க்கி ஆலை அதற்கு முன்பே செய்துவந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் இரண்டைக் குறைத்துச் செய்தது. ஆறு சிலிண்டருக்கு மூலம், 1930-களில் ஓடிய அமெரிக்க டாட்ஜ் காரின் இன்ஜின். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்கச் சரக்கு, ரஷ்யா வழியாகப் போலந்துக்கு வந்து, பெர்லின் சுவர் இடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் புத்தம்புது வேனில் ஏறிக்கொண்டிருந்தது.

1958 முதல் 1994 வரை ஏறத்தாழ 3.8 லட்சம் நிசா வேன்கள் செய்யப்பட்டன. ஆம்புலன்ஸ், அஞ்சல் வண்டி, பத்துப் பேர் வரை போகும் மினிபஸ், ரொட்டி வண்டி, போலீஸ் வண்டி என்று அது செய்யாத வேலை இல்லை. போலந்து மக்கள் அதற்கு 'நிஸ்கா' என்று ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள். நாளடைவில் வேன் என்றாலே நிஸ்கா என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு பேர் அறிந்த வண்டியை, இவ்வளவு காலம், ஏன் அடிப்படையில் மாற்றவே இல்லை? போலந்துப் பொறியாளர்களுக்குத் திறமை போதவில்லை என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். வேனை வாங்கியவர்களுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் வழி இல்லை. காரணத்தை அங்கேதான் தேடவேண்டும்.

ஊர் மாறிய ஊர்

1945 வரை நிசாவின் பெயர் நைஸ்ஸே. ஜெர்மானியர்களின் ஊர். தேவாலயங்கள் நிறைந்திருந்ததால் 'சைலேசியாவின் ரோம்' என்று அதற்குப் பெயர். ஜெர்மன் கவிஞர் ஐஷன்டோர்ஃப் 1857-இல் காலமானது இங்கேதான். 1945 மார்ச்சில் செம்படை வந்தபோது ஊரின் பெரும்பகுதி அழிந்தது. போர் முடிந்து எல்லைகள் நகர்ந்தபோது இந்தப் பகுதி போலந்தின் கைக்கு வந்தது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சோவியத் ஒன்றியத்துக்குப் போய்விட்ட கிழக்குப் பகுதிகளிலிருந்து போலந்துக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு இங்கே வந்து குடியேறினார்கள்.

இடிபாடுகளுக்கு நடுவே குடியேறியவர்களுக்கு வேலை வேண்டும். கம்யூனிஸ்ட் அரசு 1950-களில் இங்கே ஆலைகளை வளர்த்தது. வாகனங்களுக்குப் பாடி கட்டும் அரசு ஆலை அவற்றுள் ஒன்று. இன்ஜினோ, அதைச் சுமக்கும் அடிச்சட்டமான சேசியோ இங்கே செய்வதில்லை. வேறெங்கோ செய்த சேசியின்மேல் தகடு வளைத்து, பற்றவைத்து, உருக்கொடுப்பதே தொழில். பாடி கட்டுகிறவர்கள் வாகன உற்பத்தியாளர்களாக மாறினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்த பல விஷயங்களுக்குப் பொருள் கிடைக்கும். தலை முதல் கால் வரை ஒரு வண்டியைத் தானே தீர்மானிக்கும் உரிமை இந்த ஆலைக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

அந்தக் காலப் போலந்தில் லாரி இருந்தது. ஸ்டாரஹோவிட்சேயில் செய்த 'ஸ்டார்' லாரி, லூப்ளினில் சோவியத் உரிமத்தின்பேரில் செய்த 'லூப்ளின்' லாரி. கார் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எதுவுமில்லை. ஒரு கடைக்கு நான்கு பெட்டிப் பாலும் இரண்டு கூடை ரொட்டியும் கொண்டுபோக வேண்டுமென்றால் மூன்றரை டன் லாரியைக் கிளப்பவேண்டும், அல்லது குதிரை வண்டியைப் பூட்டவேண்டும். 1956-இல் போஸ்னானில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி, ரத்தம் சிந்தி, அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் கோமுவ்கா ஆட்சிக்கு வந்தபின், ஸ்டாலின் காலத்துக் கனரகத் தொழில் வெறி சற்றுத் தணிந்தது. கடையில் பொருள் இருக்கவேண்டும், அது கடைக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற சாதாரண தேவைக்கு இடம் கிடைத்தது. நிசா வேன் அந்த இடைவெளியில் பிறந்தது.

கடன் வாங்கிய உடல்

1957-இல் மாதிரி வண்டி உருவானது. அடுத்த ஆண்டு உற்பத்தி. புதிதாக ஒன்றை வரைந்து வார்க்கப் பணமும் இல்லை, காலமும் இல்லை. கையில் இருந்தது 'வார்ஷாவா' கார். தலைநகர் வார்சாவின் ஷெரான் பகுதியில் எஃப்.எஸ்.ஓ. ஆலை 1951 நவம்பரில் செய்யத் தொடங்கிய கார் அது. பொபேடாவின் போலந்துப் பதிப்பு. அந்தக் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, ஸ்டீயரிங் எல்லாவற்றையும் எடுத்து ஒரு சட்டத்தில் பொருத்தி, மேலே பெட்டி கட்டினார்கள். ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும் வேன் தயார்.

ஐந்து பேர் உட்காரும் காருக்காக அமைந்த உறுப்புகளின்மேல் ஒரு டன் ஏறினால் என்ன ஆகும்? இன்ஜின் மூச்சு வாங்கும். பழைய இன்ஜினின் திறன் 50 குதிரைத்திறன்தான். அதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில், பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை மேலே போய், வளைந்து, பக்கத்து அறை வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கவேண்டும். வழி வளைய வளைய மூச்சு குறையும். 1960-களின் தொடக்கத்தில் போலந்துப் பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கீழ்ப்பாதியைப் பெரிதும் அப்படியே வைத்துக்கொண்டு, வால்வுகளைத் தலைப்பகுதிக்கு ஏற்றினார்கள். கலவை நேராக மேலிருந்து இறங்கியது. அதே கனஅளவில் திறன் 70 குதிரைத்திறனாக உயர்ந்தது. எஸ்-21 என்று பெயரிட்டு, தெற்கே ஆண்ட்ரிஹூஃப் ஊரில் அதைச் செய்தார்கள்.

புது இன்ஜினுக்குக் காசில்லாதபோது, இருப்பதைப் பிரித்துப் பார்த்து, எது மூச்சைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றிக் கிட்டத்தட்டப் பாதி அளவு கூடுதல் திறன் எடுத்தவர்களைத் திறமை இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் 100 மில்லிமீட்டர் நீளத்தை யாராலும் குறைக்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அவ்வளவு தூரம் ஏறி இறங்கவேண்டியிருப்பதால் இன்ஜின் வேகமாகச் சுழலாது. மெதுவான சுழற்சியில் நன்றாக இழுக்கும். கிராமத்துச் சாலையில், சுமையோடு, பொறுமையாகப் போக ஏற்றது. நெடுஞ்சாலையில் திணறும். பெட்ரோலைக் குடிக்கும். 100 கிலோமீட்டருக்கு 13, 14 லிட்டர் என்பது சாதாரணம்.

இரண்டு ஆலைகள், ஏறக்குறைய ஒரே வேன்

இந்த இடத்தில் லூப்ளினுக்குப் போகவேண்டும். போலந்தின் கிழக்கில் இருக்கும் அந்த நகரத்தின் அரசு ஆலை, சோவியத் உரிமத்து லாரியை 1959-இல் நிறுத்தியது. ஆலை காலியாக நிற்கக்கூடாது. அவர்களும் அதே வார்ஷாவா காரின் உறுப்புகளை எடுத்து ஒரு சிறிய சரக்கு வண்டி செய்தார்கள். பெயர் 'ஷுக்', அதாவது வண்டு. ஆக, ஒரே நாடு, ஒரே அரசு, ஒரே இன்ஜின், ஏறத்தாழ ஒரே சுமை, இரண்டு வேன்கள். நிசா மூடிய பாடியும் ஆட்களை ஏற்றும் வேலையும், ஷுக் பின்பக்கம் திறந்த சரக்கு வேலையும் என்று ஓரளவு பங்கு பிரிந்ததே தவிர, எல்லை தெளிவாக இல்லை. மூடிய ஷுக்கும் வந்தது.

திட்டமிட்ட பொருளாதாரம் என்றால் எல்லாம் ஒரே இடத்தில் யோசித்துச் சிக்கனமாக நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே நடந்தது வேறு. ஒவ்வொரு ஆலைக்கும் அதன் ஊர், அதன் தொழிலாளர்கள், மேலிடத்தில் அதற்காகப் பேசும் ஆட்கள். ஒன்றை மூடி மற்றொன்றை வளர்ப்பது அரசியல் தலைவலி. இரண்டையும் அரைவயிறாக வைத்திருப்பது சுலபம். புது வேன் ஒன்றை உருவாக்கப் போதுமான முதலீடு இரண்டு ஆலைக்கும் ஒருபோதும் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை.

ஷுக் 1998 வரை ஓடியது. மொத்தம் 5.87 லட்சம். நிசாவையும் சேர்த்தால் 9.6 லட்சத்துக்கும் மேல். இதற்கெல்லாம் உறுப்பு கொடுத்த வார்ஷாவா கார் செய்யப்பட்டதோ வெறும் இரண்டரை லட்சம்தான். 1973-இல் அது நின்றும்விட்டது. கார் இறந்தபிறகு அதன் உறுப்புகள் வேன்களில் இன்னும் 20, 25 ஆண்டு வாழ்ந்தன. காரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு எண்ணிக்கையில்.

நிசா ஒருமுறை நன்றாக முகம் கழுவிக்கொண்டது உண்மை. 1964-இல் 501 வரிசை வந்தது. 1968-இல் 521, அடுத்த ஆண்டு 522. மெல்லிய கோடுகள், பெரிய கண்ணாடிகள், அந்தக் காலத்துக்கு நல்ல தோற்றம்தான். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து வேலையைச் சொல்லும். 'எஃப்' என்றால் சரக்கு வேன். 'எம்' மினிபஸ். 'எஸ்' ஆம்புலன்ஸ். 'டி' என்றால் முன்பாதி ஆட்களுக்கு, பின்பாதி சரக்குக்கு. இந்த வகைக்குப் போலந்துக்காரர்கள் 'தோவோஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தச்சர் குழு, மின்கம்பி பழுதுபார்ப்பவர்கள், நாடகக் குழு எல்லோரும் ஆட்களோடு சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அது. எனக்கு இந்த வகைதான் பிடிக்கும். வேலைக்குப் போகிறவர்களின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துச் செய்தது.

அதன்பின் 25 ஆண்டுகள் அதே 522.

ஏன் மாறவில்லை

1969-இல் நின்று சுற்றிப் பார்த்தால், நிசா அப்படியொன்றும் பின்தங்கியிருக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் பார்காஸ் முன்சக்கரங்களால் இழுக்கும் வண்டி. தரை தாழ்வு, ஏற்றி இறக்கச் சுலபம். ஆனால் அதன் இன்ஜின் ஒரு லிட்டர் டூ-ஸ்ட்ரோக், பின்னால் புகை. செக்கோஸ்லோவாக்கியா தன் ஸ்கோடா 1203-ஐ அப்போதுதான் தொடங்கியிருந்தது. லாட்வியாவில் ராஃப் மினிபஸ். நிசா சோவியத் ஒன்றியத்துக்கும் ஹங்கேரிக்கும் ஏற்றுமதியானது. ஹங்கேரியின் ஆம்புலன்ஸ் படையில் நிசாக்கள் ஓடின. பின்தங்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1965-இல் போலந்து இத்தாலியின் ஃபியட்டிடம் 125 காருக்கு உரிமம் வாங்கியது. 1971-இல் சின்னஞ்சிறு 126-க்கு உரிமம். 1972-இல் பிரான்ஸின் பெர்லியேவிடம் நகரப் பேருந்துக்கு உரிமம். 1970-களில், கோமுவ்காவுக்குப் பின் வந்த கியெரெக் ஆட்சி மேற்கத்திய வங்கிகளிடம் தாராளமாகக் கடன் வாங்கியது. குடும்பத்துக்குக் கார், நகரத்துக்குப் பேருந்து, இரண்டும் மக்களின் கண்ணில் படும், செய்தித்தாளில் படம் வரும். ரொட்டி கொண்டுபோகும் வேனை யார் பார்க்கப்போகிறார்கள்? வேனுக்கு உரிமம் வாங்கப்படவே இல்லை. உள்நாட்டிலேயே புது வேனுக்கு மாதிரிகள் உருவாக்கினார்கள். அவை உற்பத்தி வரிசைக்கு வந்து சேரவில்லை. 1970-களின் இறுதியில் கடன் கழுத்தை நெரித்தபோது கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது.

இதைவிட ஆழமான காரணம் விற்பனையில் இருந்தது. விற்பனை என்று சொல்வதே சரியில்லை. ஒதுக்கீடு என்பதுதான் சரி. மருத்துவமனை, அஞ்சல் துறை, கூட்டுறவுக் கடை, அரசுப் பண்ணை, போலீஸ் என்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அரசின் கைகள்தான். இத்தனை வேன் வேண்டும் என்று எழுதிக் கேட்பார்கள், கேட்டதில் ஒரு பகுதி வரும், வந்ததை வாங்கிக்கொள்வார்கள். மருத்துவமனை நிர்வாகி ஒருவர், "இதற்கு வெப்பமூட்டி போதவில்லை, நோயாளி குளிரில் நடுங்குகிறார், நாங்கள் வேறு நிறுவனத்தின் வண்டி வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்ல முடியுமா? வேறு எங்கே போவார்? சொன்னால் தன் ஒதுக்கீட்டை இழப்பார். அந்த வண்டி வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும்.

ஆலையின் பக்கம் இருந்து பாருங்கள். ஆலையை எண்ணிக்கையால் அளந்தார்கள். இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் என்பது திட்டம். புது மாதிரிக்கு மாறுவதென்றால் அச்சுகளை மாற்றவேண்டும், உற்பத்தி வரிசையைச் சில மாதம் நிறுத்தவேண்டும், எண்ணிக்கை விழும், போனஸ் போகும். பழையதையே செய்தால் எண்ணிக்கை நிற்கும், செய்ததெல்லாம் போகும். இந்த நிலையில் எந்த மேலாளரும் புதுமைக்காகச் சண்டை போடமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தன் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

வாங்குவோர் வரிசை இருந்தவரை வேன் மாறத் தேவையே எழவில்லை.

வறுவலின் விலை

1980 ஜூலை 8. லூப்ளினுக்குப் பக்கத்தில் ஷ்விட்னிக் என்ற ஊரின் ஹெலிகாப்டர் ஆலையில் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். உணவகத்தில் பன்றி இறைச்சி வறுவலின் விலை 10 ஸ்வாட்டி 20 குரோஷிலிருந்து 18 ஸ்வாட்டி 10 குரோஷுக்கு ஏறியிருந்தது. ஒரே நாளில், ஒரே தட்டு. இயந்திரங்களை நிறுத்தினார்கள். அதற்கடுத்து ஷுக் வேன் செய்யும் லூப்ளின் ஆலையும் நின்றது. சில நாட்களில் ரயில்வேக்காரர்கள், பேருந்துக்காரர்கள் என்று நகரமே நின்றது. பேச்சுவார்த்தை நடந்து, கோரிக்கைகள் பல ஏற்கப்பட்டு, ரத்தம் சிந்தாமல் முடிந்தது அந்தப் போராட்டம். அது கொடுத்த தைரியத்தில் ஆகஸ்டில் வடக்கே க்டான்ஸ்க் நகரின் கப்பல் தளம் எழுந்தது; அங்கே 'ஒற்றுமை' (சாலிடாரிட்டி) என்ற சுதந்திரத் தொழிற்சங்க இயக்கம் பிறந்தது.

வரலாற்று நூல்களில் க்டான்ஸ்குக்குப் பல பக்கங்கள் கிடைக்கின்றன. லூப்ளினுக்கு ஒரு வரி. எனக்கு இது நெடுநாள் வருத்தம். கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகவென்றே வண்டி செய்த மனிதர்கள் அவர்கள். அந்த வண்டிகள் போய் நின்ற கடைகளில் இறைச்சிக்கு வரிசை, சர்க்கரைக்கு ரேஷன். தாங்கள் செய்யும் வேனில் ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவர்களைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

1981 டிசம்பர் 13 அதிகாலையில் ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். கதவுகள் தட்டப்பட்டன. பனியில் கீழே நின்ற வண்டிகள் பல இடங்களில் போலீஸின் நிசாக்கள். கைதிகளை ஏற்றும் போலீஸ் வேனுக்குத் தெருவில் 'சூகா' என்று பெயர். பெட்டை நாய் என்று பொருள். ராணுவச் சட்ட காலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். அந்தத் தலைமுறையில் சிலருக்கு நிஸ்கா என்றால் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன வெள்ளை வண்டி. சிலருக்கு அப்பாவைக் கொண்டுபோன வண்டி. இரண்டின் கதவும் ஒரே ஆலையில் ஒரே அச்சில் அடித்தது. ஒரு நாட்டில் ஒரே வகை வேன்தான் உண்டென்றால், அதன்மேல் மக்களுக்கு ஒரே வகை உணர்வு இருக்க முடியாது.

வரிசை கலைந்தது

1989 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் எவரும் எந்தத் தொழிலையும் தொடங்கலாம் என்று ஏறக்குறைய முழுச் சுதந்திரம் கொடுத்தது. கம்யூனிஸ்ட் அரசின் கடைசி நாட்களில் வந்த சட்டம் அது. ஒரே இரவில் தெருவெல்லாம் கடை. மடக்குக் கட்டிலை விரித்து அதன்மேல் பொருள் பரப்பினார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் பின்கதவைத் திறந்து அப்படியே விற்றார்கள். அரசு நிறுவனங்கள் கழித்துப் போட்ட பழைய நிசாக்களும் ஷுக்குகளும் ஏலத்தில் வாங்கப்பட்டு உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் சுமந்தன. நிசா தனியார் கைக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது அப்போதுதான். அவர்கள்தான் அதன் முதல் உண்மையான வாடிக்கையாளர்கள்.

அவர்களுக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியும். 1990 ஜனவரியில் நிதியமைச்சர் பால்செரோவிச்சின் பொருளாதாரத் திட்டம் வந்தது. விலைக் கட்டுப்பாடு போனது, இறக்குமதி திறந்தது, அந்த ஆண்டுப் பணவீக்கம் கிட்டத்தட்ட 600 சதவீதத்தைத் தொட்டது. பெட்ரோல் விலை ஏறிய நாட்டில் 14 லிட்டர் குடிக்கும் புது வேன் யாருக்கு வேண்டும்? ஜெர்மனிக்குப் போய்ப் பத்து வயதான ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரோ ஃபோர்டு டிரான்சிட்டோ ஓட்டிக்கொண்டு வந்தால், டீசலில் ஓடும், துருப்பிடிக்க நேரம் எடுக்கும், சீராகக் கிளம்பும். அரசு நிறுவனங்களிடமும் ஒதுக்கீட்டுப் பணம் வற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரிசை நின்ற வாசலில் நான்கே ஆண்டுகளில் ஆள் இல்லாமல் போனது.

ஆலை உடனே சாகவில்லை. எஃப்.எஸ்.ஓ.வின் போலோனெஸ் காரை அடிப்படையாகக் கொண்ட சிறு சரக்கு வண்டிகள் நிசாவில் செய்யப்பட்டன. 1995 முதல் பிரெஞ்சு சிட்ரோயன் சி15 வேன் இங்கே கோக்கப்பட்டது. 1996-இல் கொரியாவின் டேவூ எஃப்.எஸ்.ஓ.வை எடுத்துக்கொண்டது, லூப்ளினையும் அதற்கு முந்தைய ஆண்டே எடுத்திருந்தது. இரண்டு ஊர்களும் நம்பின. 2000-இல் டேவூவே திவாலானது. லூப்ளின் ஆலை கைமாறி, இன்ட்ரால் என்ற நிறுவனத்தின் கீழ் சிலகாலம் வேன் செய்து, 2007-இல் அதுவும் திவால். நிசாவில் 2000-களின் தொடக்கத்திலேயே வாகனம் செய்வது நின்றுவிட்டது. பாடி கட்டுவதில் தொடங்கிய ஊர், யாரோ ஒருவரின் வண்டிக்குப் பாகம் கோப்பதில் முடித்துக்கொண்டது.

போலந்தில் வேன் செய்வது நின்றுவிட்டதா என்றால் இல்லை. போஸ்னானின் அன்டோனினெக் பகுதியில் டார்பான் என்ற விவசாய வண்டியைச் செய்துவந்த பழைய அரசு ஆலையில்தான் 1993-இல் ஃபோக்ஸ்வாகன் தன் வேன்களைக் கோக்கத் தொடங்கியது. இன்று அந்தப் பகுதி ஐரோப்பாவின் முக்கியமான வேன் உற்பத்தி மையங்களில் ஒன்று. 2016-இல் விஷெஸ்னியாவில் பெரிய வேன்களுக்கென்றே தனி ஆலை. கிளிவிட்ஸேயில் ஸ்டெலான்டிஸ் என்ற பன்னாட்டு வாகன நிறுவனத்தின் ஆலை. போலந்துக் கைகளால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. அதே மாதிரியான தொழிலாளர்கள், அதே நாடு; மாறியது, வண்டியை வாங்குகிறவர் யார் என்பதும், பிடிக்காவிட்டால் அவர் எங்கே போக முடியும் என்பதும்தான். ஆனால் அந்த வேன்களின் முகப்பில் போலந்துப் பெயர் இல்லை.

நிசா ஊரில் 2022-இல் பெல்ஜியத்தின் யூமிகோர் நிறுவனம் மின்வாகன பேட்டரிகளுக்கான மூலப்பொருள் செய்யும் ஆலையைத் திறந்தது. வாகனத் தொழில் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

பழைய நிசாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் கிராக்கோவ் நகருக்குப் போவார்கள். கிரெகூஷெட்ஸ்கா தெருவில் சந்தைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இரவு எட்டு மணி வாக்கில் ஒரு நீல நிசா வந்து நிற்கும். 1991-இலிருந்து அங்கே வியாபாரம். வண்டிக்கு வெளியே இரும்பு அடுப்பில் விறகு எரியும். மின்சாரமும் இல்லை, எரிவாயுவும் இல்லை. நீண்ட கம்பியில் குத்திய சாசேஜை வெள்ளை அங்கி போட்டவர் நெருப்பின்மேல் திருப்பிக்கொண்டே இருப்பார். கொழுப்பு சொட்டும்போதெல்லாம் தீ எழும். தோல் வெடித்துக் கருகியதும் காகிதத் தட்டில் வைத்து, ஒரு ரொட்டி, ஒரு கரண்டிக் கடுகு விழுது. மேசை நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் சாப்பிடவேண்டும். மாணவர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், வேலை முடித்து வருகிறவர்கள், வெளிநாட்டுப் பயணிகள் எல்லோரும் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு முறைக்காகக் காத்து நிற்கிறார்கள். பின்னிரவு மூன்று மணி வரை அந்த நீல வேனுக்கு முன்னால் வரிசை இருக்கிறது.